நினைவும் விரைவும்

கற்றதை மறவாமை மாணாக்கர்க்கு அணிகலன் என்பர் பெரியோர். கணிப்பொறிக்கோ அஃது அணிகலன் மட்டுமன்று, உயிரே ஆகும். பாடத்தை மறந்த மாணாக்கன் ‘மறந்தேன்’ என்று தலைகவிழ்ந்து நிற்பான். கணிப்பொறியின் நினைவகம் அங்ஙனம் ஒப்புக்கொள்வதில்லை. ஒன்றை மற்றொன்றாக மாற்றி, அதுவே மெய் என எடுத்துக் கொடுத்துவிடும். இத்தகைய நினைவகத்தைச் சோதிக்கும் முறையினையும், அதனை விதித்த வேகத்திற்கு மேல் ஓட்டுதலாகிய ‘ஓவர்கிளாக்கிங்’ என்னும் வழக்கத்தின் நன்மை தீமைகளையும் நம் மாணவ நண்பர்கட்கு எளிதில் விளங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம். அதற்கு யாம் தொடங்கும் இடம் நமக்கு அண்மையிலுள்ள ஜவ்வாது மலை.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகத் தென்கிழக்கே மலையேறிச் செல்வோர் காவலூர் என்னும் சிற்றூரை அடைவர். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், காடு சூழ்ந்து, நகரத்து விளக்கொளி படாது விளங்கும் அவ்விடத்தை வான ஆராய்ச்சிக்கு ஏற்றதெனத் தேர்ந்தவர் வானியல் பேரறிஞர் வைணு பாப்பு அவர்கள். 1968-ஆம் ஆண்டில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் அங்குப் பணி தொடங்கிற்று. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இயங்கத் தொடங்கின. 1982-இல் மறைந்த அப்பெரியாரின் பெயரையே இன்று அவ்வானாய்வகம் தாங்கி நிற்கின்றது.

அங்கு நிகழ்ந்த ஒரு செய்தி நம் பொருளுக்கு நல்ல தோற்றுவாயாகும். 1977-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் என்னும் கிரகம் ஒரு விண்மீனின் முன்னே கடந்து சென்றது. கிரகம் விண்மீனை மறைப்பதற்கு முன்னரே அவ்விண்மீனின் ஒளி சிறிது நேரம் மங்கி மீண்டதைக் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியின் வாயிலாகப் பதிவு செய்தனர். இம்மங்கல் மெய்யானதா, கருவியின் கோளாறா? இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்துகொண்டிருந்த கைப்பர் விமான ஆய்வகத்திலும் அத்தகைய மங்கல்கள் பதிவாயின. ஒருவரையொருவர் அறியாத சாட்சிகள் ஒத்துரைத்தமையால், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டென்னும் உண்மை நிலைபெற்றது. கருவி காட்டும் ஒரு சிறு மாற்றம் பெரிய கண்டுபிடிப்பாகவும் இருக்கலாம். வெறும் பிழையாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய வல்லவன் தன் கருவியின் குறைகளை முன்னரே சோதித்து வைத்திருப்பவன் ஒருவனே. இதனை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

இக்காலத்து வானியலார் படச்சுருளைப் பெரும்பாலும் விட்டொழித்தனர். தொலைநோக்கியின் குவியத்தில் சி.சி.டி. எனப்படும் சிலிக்கன் தகடொன்று வைக்கப்படுகின்றது. அதன்மேல் இலட்சக்கணக்கான நுண்கட்டங்கள் உள. விண்ணொளி பட்டவுடன் ஒவ்வொரு கட்டத்திலும் எலெக்ட்ரான்கள் மழைநீர் குட்டையில் தேங்குவதுபோலத் தேங்குகின்றன. பின்னர் அவை வரிசை வரிசையாக வெளிக்கொணரப்பட்டு எண்ணப்படுகின்றன. வியப்பு யாதெனில், 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்னும் இருவர் இத்தகட்டின் கருத்தை வகுத்தபோது, அதனைக் கணிப்பொறிக்கு ஒரு நினைவகமாகவே எண்ணினர். நினைவகமாகப் பிறந்தது வானத்தின் கண்ணாயிற்று. 2009-இல் அவ்விருவர்க்கும் நோபெல் பரிசும் கிடைத்தது. ஆகவே வானப்படத் தகடும் கணிப்பொறி நினைவகமும் உடன்பிறந்தவை போல்வன. ஒன்றன் நோய் மற்றொன்றுக்கும் உண்டு.

இனிக் கணிப்பொறியின் நினைவகம் இயங்கும் விதத்தைக் காண்போம். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டெனார்டு என்பார் 1966-இல் இதற்கு வழி கண்டார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி ஆகிய இரண்டே சேர்ந்து ஓர் அறை. அவ்வறையில் மின்சாரம் தேங்கியிருப்பின் 1, இல்லையேல் 0. இதனையே ‘பிட்’ என்பர். 16 கிகாபைட் நினைவகத்தில் இத்தகைய அறைகள் ஏறத்தாழ 13,744 கோடி உள. ஓர் அறையில் தேங்குவன சில பதினாயிரம் எலெக்ட்ரான்களே.

இவ்வறைகள் யாவும் ஓட்டைக் குடங்கள். தேங்கிய மின்சாரம் இடையறாது கசிந்துகொண்டே இருக்கும். ஆதலின் முழுதும் வடிந்துபோகுமுன் ஒவ்வொரு வரிசையையும் படித்துப் பார்த்து, நிறைந்திருந்த குடத்தை மீண்டும் நிறைத்தல் வேண்டும். இதற்குப் ‘புதுப்பித்தல்’ என்று பெயர். டி.டி.ஆர்.4 என்னும் வகையில் 64 மில்லிவிநாடிக்குள் எல்லா வரிசைகளும் ஒருமுறை புதுப்பிக்கப்படுதல் விதி. உஷ்ணம் ஏற ஏறக் கசிவும் மிகும். 85 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்டால் அக்கால எல்லை 32 மில்லிவிநாடியாகப் பாதியாகின்றது. குளிர்ந்தால் கசிவு குறையும். 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர் சிலர், நினைவகப் பலகையைக் கணிப்பொறியினின்று கழற்றித் திரவ நைட்ரஜனில் ஒரு மணி நேரம் இட்டுவைத்தும், அதிலிருந்த செய்தியில் ஆயிரத்தில் இரண்டு பங்கிற்கும் குறைவாகவே அழிந்தது எனக் கண்டனர். வானியலார் தம் படத்தகட்டைக் குளிரூட்டுவதும், மிகைவேகப் பந்தயக்காரர் தம் கணிப்பொறியின்மேல் திரவ நைட்ரஜன் ஊற்றுவதும் பலர்க்கு வேடிக்கையாகத் தோன்றலாம். உஷ்ணத்தால் விளையும் கசிவை அடக்குதல் இரு சாரார்க்கும் பயனாவதே ஆகும்.

அடுத்து வேகத்தைப் பற்றிக் கூறுவாம். நினைவகம் தாளத்திற்கு ஆடும் நர்த்தகி போல்வது. ‘கிளாக்’ என்னும் துடிப்பொன்று தாளம் போட, ஒவ்வொரு துடிப்பிலும் இருமுறை செய்தி போக்குவரவு செய்யும். 3200 என்று குறிக்கப்பட்ட டி.டி.ஆர்.4 நினைவகத்தில் விநாடிக்கு 160 கோடித் துடிப்புகள். 320 கோடி முறை செய்திப் பரிமாற்றம். எனினும், கேட்டவுடனே விடை வருவதில்லை. குறித்த வரிசையைத் திறந்தபின், கட்டளை கொடுத்ததிலிருந்து முதற் செய்தி வெளிப்படும் வரையில் சில துடிப்புகள் காத்திருத்தல் வேண்டும். பொது நியமப்படி இது 22 துடிப்பு எனக் கொண்டால், 13.75 நானோ விநாடி ஆகும். அதனையே 16 துடிப்பாகக் குறுக்கினால் 10 நானோ விநாடி. இச்சிறு பொழுதில் ஒளியும் 3 மீட்டர் தூரமே செல்லும் என்றால் இதன் நுட்பத்தை உணரலாம். இனி, 6000 என்று குறித்த டி.டி.ஆர்.5 நினைவகம் 30 துடிப்புக் காத்திருப்பின், அதுவும் 10 நானோ விநாடியே. ஆகவே பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்ணை மட்டும் கண்டு மயங்கலாகாது. அள்ளிக் கொடுக்கும் அளவு வேறு. கேட்டபின் காத்திருக்கும் பொழுது வேறு.

இவ்வேகங்களுக்கெல்லாம் ஜெடெக் என்னும் அமைப்பு நியமம் வகுக்கின்றது, டி.டி.ஆர்.5-க்குரிய நியமம் 2020-இல் வெளிவந்தது. கோடைக்கும் குளிருக்கும், புதியதற்கும் பழையதற்கும், நல்ல சில்லுக்கும் நடுத்தரச் சில்லுக்கும் பொதுவாக வகுத்தமையால், நியமத்தில் கொஞ்சம் கையிருப்பு எப்பொழுதும் உண்டு. அக்கையிருப்பை எடுத்துச் செலவிடுதலே மிகைவேகம். துடிப்பை விரைவாக்குவர்; காத்திருக்கும் துடிப்புகளைக் குறைப்பர்; 1.2 வோல்ட் மின்னழுத்தத்தை 1.35 வோல்ட்டாக உயர்த்துவர். சிலர் புதுப்பித்தலையும் தள்ளிப்போடுவர். 2007-இல் இண்டெல் நிறுவனத்தார் எக்ஸ்.எம்.பி. என்னும் ஏற்பாட்டையும், 2022-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தார் எக்ஸ்போ என்னும் ஏற்பாட்டையும் கொணர்ந்தபின், இவற்றுட் பல ஒரு விசையைத் தட்டினால் நடைபெறுகின்றன. இது குற்றமன்று, பொறியின் எல்லையை அறிய விரும்புவது இளைஞர்க்கு இயல்பே. ஆயினும் கையிருப்பைச் செலவிட்டவன் கணக்குப் பார்த்தல் வேண்டுமன்றோ?

கணக்குப் பாராது எமக்கே நேர்ந்த ஓர் இழுக்கை ஈண்டுக் கூறுதல் தகும். எம் மாணவர் சிலர் காவலூர் சென்று திரும்பியபின் வானப்படங்களை ஒப்புநோக்கும் முயற்சியில் ஆர்வத்துடன் இறங்கினர். அதற்கென யாமே உதிரிகளை வாங்கிச் சேர்த்த கணிப்பொறியில், படங்கள் விரைந்து திறக்க வேண்டுமென்று, நினைவகத்தின் காத்திருப்பைக் குறைத்துப் புதுப்பித்தலையும் தள்ளிவைத்தோம். மார்கழி மாதத்து இரவொன்றில் சோதனை நடத்தினோம். பிழை ஒன்றும் தோன்றவில்லை. தேறிவிட்டது என்று மகிழ்ந்தோம்.

சித்திரையில் ஒரு நாள் பிற்பகல் மாணவர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். ஒரே வானப்பகுதியின் இரு படங்களில், முதற்படத்தில் இல்லாத புள்ளியொன்று இரண்டாவதில் சுடர்விட்டது. ‘புதிய விண்மீன், ஐயா!’ என்றார். காவலூருக்கு உடனே கடிதம் எழுதல் வேண்டும் என்றனர் உடனிருந்தோர். எமக்கும் நெஞ்சு துடித்தது. எனினும் ஒன்று உறுத்திற்று. வளிமண்டலம் கலக்குவதால் விண்மீனின் ஒளி பல கட்டங்களில் பரவியே விழும். இப்புள்ளியோ ஒரே கட்டத்தில் ஊசிமுனைபோல் நின்றது. விண்வெளியினின்று வரும் காஸ்மிக் கதிர் படத்தகட்டைத் தாக்கினாலும் அங்ஙனம் கூரிய புள்ளி தோன்றுவதுண்டு. கதிராயின் அது கோப்பிலேயே பதிந்திருக்கும். ஆகவே கணிப்பொறியை அணைத்து மீண்டும் தொடங்கி, அதே கோப்பைத் திறக்கச் செய்தோம். புள்ளி மறைந்துவிட்டது! முன்னர் 17,596 என்று காட்டிய அக்கட்டம் இப்பொழுது 1,212 என்று காட்டிற்று. வேறுபாடு 16,384, அஃதாவது இரண்டைப் பதினான்கு முறை பெருக்கிய தொகை. நினைவகத்தில் ஒரே ஓர் அறை 0-வை 1 என்று திரித்துக் கூறியிருந்தது. அன்று பிற்பகல் வெயிலிலேயே சோதனையைத் தொடங்கினோம். முக்கால் மணி நேரத்திற்குள் பிழைகள் தோன்றின. நியம வேகத்திற்கு மீட்டபின் இரண்டு நாள் ஓட்டியும் பிழை ஒன்றும் இல்லை.

அம்மாணவரின் வாட்டத்தைக் காட்டிலும் எம்மை வருத்தியது வேறொன்று. திரிந்தது மேலிடத்துப் பிட் ஆதலின் புள்ளியாய்ச் சுடர்விட்டு அகப்பட்டுக்கொண்டது. கீழிடத்துப் பிட் திரிந்திருப்பின் 1,212 என்பது 1,213 ஆகியிருக்கும், எவரும் அறிந்திரார். அன்றியும் திரிந்த செய்தி மீண்டும் வட்டில் எழுதப்பட்டிருப்பின், பொய்யே மூலமாகி நிலைத்துவிடும். மார்கழி முதல் சித்திரை வரை அப்பொறியில் செய்த கணக்குகள் அனைத்தையும் மீண்டும் செய்தோம். நினைவகத்தின் வேகத்தால் மிச்சமான பொழுது சில நிமிடங்கள். இழந்த பொழுது மூன்று வாரம்.

மிகைவேகம் இல்லாவிடத்தும் நினைவகம் பிழைபடுவதுண்டு. 1978-இல் இண்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த மே, வுட்ஸ் என்னும் இருவர், சில்லை மூடும் பீங்கானில் கலந்திருந்த யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் துளிகள் வெளிவிடும் ஆல்ஃபாத் துகள்கள் அறைகளைத் திரிப்பதை வெளியிட்டனர். காஸ்மிக் கதிர்களும் அவ்வாறு செய்யும் என 1979-இல் வேறு அறிஞர் விளக்கினர். 2003-இல் பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில் ஒரு வேட்பாளர்க்கு 4,096 வாக்குகள் மிகுதியாகக் காட்டப்பட்டன. இதுவும் இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கிய தொகையே. பெறக்கூடியதற்கு மேற்பட்ட தொகையாக இருந்தமையால் பிழை வெளிப்பட்டது; ஒரு பிட் தானே மாறியிருத்தல் வேண்டும் என்று ஆய்ந்தோர் கருதினர். 2009-இல் கூகுள் நிறுவனத்தின் பொறிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட நினைவகப் பலகைகள் ஒருமுறையேனும் பிழைபட்டன எனத் தெரியவந்தது. நியம வேகத்திலேயே இந்நிலை எனின், கையிருப்பைச் செலவிட்டவன் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்!

இனிச் சோதிக்கும் முறை. 1994-இல் கிறிஸ் பிராடி என்பார் இயற்றிய மெம்டெஸ்ட்86 என்னும் நிரல் இதற்குப் பெயர்பெற்றது. விண்டோஸ், லினக்ஸ் முதலிய இயக்குமுறைகள் தொடங்குவதற்கு முன்னரே அது தனித்து இயங்குதலால், நினைவகத்தின் பெரும்பகுதியைத் தடையின்றிச் சோதிக்கவல்லது. சோதனையின் சாரம் எளிது: தெரிந்த ஒன்றை எழுது, சிறிது பொழுது கழித்துப் படி, ஒத்துப் பார். எல்லா அறைகளிலும் 0 எழுதிப் பார்த்தல். பின் 1 எழுதிப் பார்த்தல். 0-வும் 1-உம் மாறிமாறி எழுதிப் பார்த்தல். ஒரேயொரு 1-ஐ அறைதோறும் நடத்திச் செல்லுதல். கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் புரட்டி எழுதுதல் எனப் பல வகைகள் உள. ஓர் அறை தனித்து நன்றாயிருந்தும், அடுத்த அறையில் எழுதும்பொழுது கெடக்கூடும். ஆதலின் இத்தனை வகை வேண்டப்படுகின்றது.

மாணவ நண்பர்கள் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்க. முதற்கண் நியம வேகத்திலேயே சோதனை செய்க. அங்கே பிழை தோன்றின், பலகையைக் கழற்றித் தூசு நீக்கி மீண்டும் பொருத்துக. பின்னும் தோன்றின் பலகைகளை ஒவ்வொன்றாக இட்டுச் சோதித்துப் பழுதானதை விலக்குக. பழுதற்றதென்று தெளிந்தபின், வேகத்தை ஒரு படி மட்டும் உயர்த்துக. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றற்க. மாற்றின் பிழைக்குக் காரணம் எதுவெனத் தெரியாது. ஒவ்வொரு படியிலும் செய்த மாற்றத்தையும், அறையின் உஷ்ணத்தையும், சோதித்த மணிகளையும் நோட்டில் குறிக்க. ஒரேயொரு பிழை தோன்றினும் அதனைத் தற்செயல் என்று தள்ளற்க. ஒரு படி இறங்குக. கையிருப்பு இருக்கும்படி இன்னும் ஒரு படி இறங்குக. பொறியின் பிற உறுப்புகளையும் கடுமையாக உழைக்கவிட்டுச் சோதிக்க. எல்லாவற்றிற்கும் மேலாக, மார்கழியில் தேறியதைக் கத்திரி வெயிலில் மறுபடியும் சோதிக்க. நம் சமவெளியில் 40 டிகிரியைக் கடக்கும் நாட்களே மெய்யான தேர்வு நாட்கள். அன்றியும், சோதனையில் பிழை காணாமை பிழையே இல்லை என்பதற்கு உறுதியாகாது; அத்துணை மணி நேரம், அந்த உஷ்ணத்தில், அவ்வகைச் சோதனையில் காணவில்லை என்பதே அதன் பொருள்.

பிழையைத் தானே கண்டு திருத்தும் நினைவகமும் உண்டு. பெல் ஆய்வுக்கூடத்து ரிச்சர்டு ஹாமிங் என்பார், தாம் கொடுத்த கணக்கை யந்திரம் பிழையால் கைவிட்டுவிடுவது கண்டு வெறுத்து, ‘பிழையுண்டென அறியும் யந்திரம், அஃது எங்குளது எனவும் அறியலாகாதோ?’ என்று எண்ணினார். அதன் விளைவாகிய திருத்தக் குறியீட்டை 1950-இல் வெளியிட்டார். அவ்வழியில், 64 பிட்டுகளுக்கு 8 பிட்டுகள் காவலாகச் சேர்க்கப்படுகின்றன. ஒரு பிட் திரிந்தால் திருத்தவும், இரண்டு திரிந்தால் எச்சரிக்கவும் இயலும். டி.டி.ஆர்.5 சில்லுகள் தம்முள்ளே ஒருவகைத் திருத்தம் கொண்டவையாயினும், சில்லினின்று செய்தி வெளியே செல்லும் வழியில் நேரும் பிழையை அது காவாது. ஆகவே ஆராய்ச்சிக்கும் கணக்குவழக்கிற்கும் உரிய பொறிகளில் முழுத் திருத்தம் உடைய நினைவகத்தை நியம வேகத்தில் ஓட்டுதலே நன்று. விளையாட்டிற்கெனத் தனிப்பொறி உடையார் அதில் மிகைவேகம் பழகுக. அப்பழக்கத்தால் பொறியின் இயல்பு நன்கு விளங்கும்.

வானாய்வில் படத்தகட்டை வாசிக்கும் முறையையும் எண்ணிப் பார்மின். விரைந்து வாசித்தால் கணக்கில் இரைச்சல் மிகும். மெல்ல வாசித்தால் குறையும். பல நூறாண்டு பயணம் செய்து வந்த ஒளியைப் பிடித்தவர், இறுதியில் சில விநாடிகளை மிச்சப்படுத்துதற்பொருட்டு அதனைக் கெடுத்துக்கொள்ள விரும்புவரோ? மங்கிய விண்மீனுக்குப் பொறுமையும், விரைந்து மாறும் நிகழ்ச்சிக்கு வேகமும் என்று, எவ்வளவு இரைச்சல் வரும் என அளந்தறிந்த பின்னரே வேகத்தைத் தேர்வர்.

திருவள்ளுவனார் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தை முன்வைத்து, ‘தெரிந்து வினையாடல்’ என்பதனை அதன்பின் வைத்தார். ஆராய்ந்து தெளிதல் முன்னது. வேலையில் அமர்த்துதல் பின்னது. மனிதர்க்கு அவர் வகுத்த அம்முறை பொறிக்கும் பொருந்தும். விரைவை விரும்புமின், ஆயின் அதற்கு முன்னர்ச் சோதித்துத் தெளிமின். அடுத்தமுறை எம் மாணவர் புதிய விண்மீன் கண்டதாக ஓடிவரும்பொழுது, யாம் ஐயத்தோடு பொறியை நோக்காது, மகிழ்ச்சியோடு வானத்தை நோக்க வேண்டும் என்பதே எம் ஆசை.